உங்கள் பிள்ளையின் ஒன்பது மணி

நுகாபுவா கிராமம்,
தென் கில்பர்ட் தீவுகள், கிரிபாஸ், பசிபிக் சமுத்திரம்.
ஜனவரி 6

மதிப்பிற்குரிய திருமதி பார்க்கின் அம்மையார் சமூகத்துக்கு,

அங்கே அமெரிக்காவின் ஐடஹோவில் தாங்களும் தங்கள் கணவரும் மகளும் நாயும் உருளைக்கிழங்கு வயலும் செழிப்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி மரேவேயாவும் நலம். பன்றிகள் மூன்றும் நலம். நவம்பரில் ஐந்து இருந்தன. மற்ற இரண்டின் விவரம் கீழே வரும். தங்கள் புதல்வர் எல்டர் பார்க்கின் பரிபூரண நலம். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அப்புறம் மேலே போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் கபுவா. தங்கள் மகனும் அவரைப் போலவே எல்டர் பட்டமுள்ள ஜோடி ஊழியர் ஃபொனுவாவும் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரன். பத்தொன்பது வருடம் ஜெர்மன் கப்பல்களில் எந்திர அறையில் வேலை பார்த்தவன், ஆகையால் உலகம் தெரிந்தவன். பனி பார்த்திருக்கிறேன். பனியில் வழுக்கி விழுந்தும் இருக்கிறேன். மதத்தில் கத்தோலிக்கன். தங்கள் மகன் என்னை மார்மனாக மாற்றுவதற்காகத்தான் பிப்ரவரி மாதம் இங்கே வந்து இறங்கினார். பதினோரு மாதத்தில் மாறியது அவர்தான், கால்சட்டையிலிருந்து கைலிக்கு. நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன். அதில் அவருக்கும் எனக்கும் மனத்தாங்கல் ஒன்றும் கிடையாது, தினமும் சாயங்காலம் அவர் எனக்கு வேதம் சொல்லுவார், நான் அவருக்கு மீன் சுட்டுக் கொடுப்பேன், இரண்டு பேருக்கும் ஊழியம் நடந்த மாதிரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு மகன் கூப்பிடுவான் என்று தாங்கள் தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அவன் கூப்பிடவில்லை. (அவர் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, மன்னிக்கவும், காரணமும் கீழே வரும்.) தங்கள் சபையின் சட்டம் எனக்குத் தெரியும். ஊழியத்துக்கு வந்த பிள்ளை வீட்டாரோடு பேச வருடத்தில் இரண்டே நாள், அன்னையர் தினம் ஒன்று, கிறிஸ்துமஸ் ஒன்று, அதுவும் தடவைக்கு நாற்பது நிமிடம். மே மாதம் அன்னையர் தினத்தன்று தீவின் ஒரே தொலைபேசிக்குள் நண்டு புகுந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருந்ததால் அந்த வாய்ப்பு போயிற்று. ஆக, அவன் இங்கே வந்ததிலிருந்து அவன் குரலையே தாங்கள் கேட்டதில்லை. ஆறப்போட்டு ஆறப்போட்டு ஒரு வருடத்துப் பேச்சு முழுவதையும் அந்த நாற்பது நிமிடத்துக்காக இரண்டு பேரும் வைத்திருந்தீர்கள். எங்கள் தலைநகர் டராவாவிலுள்ள மிஷன் தலைவர் தங்களைக் கூப்பிட்டு, "எல்டர் சௌக்கியம், தீவில் பேட்டரி பழுது" என்று சொல்லியிருப்பார். அது உண்மைதான். பாதி உண்மை. மீதிப் பாதி நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் தாங்கள் அனுப்பிய ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டிசம்பர் முதல் வாரத்து விமானத்தில் தங்கள் பார்சல் வந்தது. சிவப்பு நிறத்தில், மார்பில் இரண்டு மான் முட்டிக்கொண்டு நிற்கிற ஸ்வெட்டர் ஒன்று, உருளைக்கிழங்குப் பொடி ஐந்து பொட்டலம், மரேவேயாவுக்குப் பூப்போட்ட கைக்குட்டைகள், ஒரு வாழ்த்து அட்டை. அந்த அட்டையில், 'எங்கள் மகனுக்குக் குடும்பமாக இருப்பவர்களுக்கு நன்றி' என்று தங்கள் கையாலேயே எழுதியிருந்தீர்கள். தப்பு நடந்தது அங்கேதான். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் பிள்ளையை இன்னொரு வீட்டார் தத்தெடுப்பது சாதாரணம். பெற்றவர்கள் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். சம்மதத்துக்கு அடையாளமாகப் பெற்ற தாய் தன் கையாலேயே பின்னிய பாய் ஒன்றை எடுக்கிற வீட்டுக்கு அனுப்புவாள். மரேவேயா அந்த ஸ்வெட்டரை மடியில் விரித்துத் தையலைத் தடவிப் பார்த்தாள், உள்பக்கம் திருப்பி முடிச்சைப் பார்த்தாள்.

"கடையில வாங்கினது இல்ல. அவங்களே பின்னியிருக்காங்க" என்றாள்.

"அங்கே குளிர், அதனால பின்னுவாங்க" என்றேன்.

"இங்கே குளிரா? பிள்ளைக்கு இங்கே ஸ்வெட்டர் எதுக்குங்க? அட்டையில குடும்பம்னு வேற எழுதியிருக்கு. இதுக்கு மேல ஒரு தாய் எப்படிச் சம்மதம் சொல்லுவா?"

வெள்ளைக்காரத் தாய்மார்கள் காரணமே இல்லாமல் ஸ்வெட்டர் பின்னுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஹாம்பர்க்கில் நாய்க்கே ஸ்வெட்டர் பார்த்தவன் நான். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மரேவேயாவின் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் காரணம். எங்கள் ஒரே மகன் தவீத்தா கப்பலுக்குப் போனதிலிருந்து வீட்டில் சாப்பாட்டுத் தட்டு இரண்டுதான். மறுநாளே உறவெல்லாம் கூடி, ஒரு பன்றியை அடித்து, தங்கள் மகனை எங்கள் மகனாக்கிக்கொண்டோம். அவனுக்கு ஏதோ பிறந்தநாள் விருந்து என்று நினைப்பு. நன்றாகச் சாப்பிட்டு எல்லோருக்கும் கை கொடுத்தான். ஃபொனுவா டோங்காக்காரன், அவனுக்கு இந்தச் சங்கதியெல்லாம் அத்துப்படி. அவனையும் எடுத்துக்கொள்கிறோம் என்றோம். "வேணாம் ஐயா, எனக்கு ஊர்லயே போதும் போதும்ங்கிற அளவுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க" என்று எழுந்தே போய்விட்டான்.

அவன் எழுந்து போனதன் அர்த்தம் இரண்டே நாளில் விளங்கியது. எங்களிடையே புபுசி என்று ஒரு வழக்கம் உண்டு. உறவுக்காரன் ஒருவன் வந்து 'புபுசி' என்று சொல்லி ஒரு பொருளைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். இல்லை என்று சொல்ல வாய் இருக்கிறது, ஆனால் சொன்னவன் பேரன் கல்யாணத்திலும் அந்தப் பேச்சு வரும். வெளியாளிடம் இப்படிக் கேட்க முடியாது. பத்து மாதமாக ஊரே தங்கள் மகனின் சைக்கிளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு சும்மா இருந்தது அதனால்தான். இப்போதோ அவன் என் மகன். ஒரே நாளில் நூற்று நாற்பது சொந்தக்காரர்கள். மரேவேயாவின் தம்பி இயோவானே காலை ஆறு மணிக்கு வந்து கைக்கடிகாரத்தைக் கேட்டான். ஏழு மணிக்கு சைக்கிள் போயிற்று. அப்புறம் டார்ச், மழைக்கோட்டு, குடை, கறுப்பு ஷூ. கழுத்துப்பட்டை, அதாவது டை, ஒன்பது வைத்திருந்தான், ஒன்பதும் போயின. அதில் கோடு போட்டது ஒன்று பன்றியைக் கட்ட எவ்வளவு தோதாக இருந்தது என்றால், ஊரில் இப்போது கயிறு யாருக்கும் பிடிப்பதில்லை.

ஃபொனுவா தலையில் அடித்துக்கொண்டான். "எல்டர், முடியாதுன்னு ஒரு வார்த்தை இருக்கு. சின்ன வார்த்தைதான். ஒரு தடவை சொல்லித்தான் பாரேன்."

"எப்படிச் சொல்றது? அவர் என் மாமாவாம்."

"நேத்து வரைக்கும் அவர் யாரு?"

"நேத்து வரைக்கும் அவரைத் தெரியாது" என்றான் தங்கள் மகன், வெகு சந்தோஷமாக.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் ஊர் முழுக்கப் பாய் தலையணையோடு மனேபாவுக்குக் குடிபோனோம். மனேபா என்றால் எங்கள் ஊர்ச் சபைக் கூடம், கூரை பெரிது, சுவர் கிடையாது. கிறிஸ்துமஸ் முடிகிறவரை அங்கேதான் சமையல், சாப்பாடு, பாட்டு, ஆட்டம், தூக்கம், வழக்கு எல்லாம். எந்தக் குடும்பம் எந்தத் தூணடியில் உட்காருவது என்பது முன்னோர் காலத்து ஏற்பாடு. தங்கள் மகன் என் தூணடியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பட்டினி கிடக்கிறாயோ என்று அவனுக்கு எழுதிய போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். ஈரப்பலா, பாபாய்க் கிழங்கு, தேங்காய்ப்பாலில் நண்டு, தகரடப்பா மாட்டிறைச்சி, சோறு என்று ஒரு நாளைக்கு ஐந்து வேளை. தென்னம்பதநீர் மட்டும் அவன் கேட்டுக் கேட்டுத்தான் குடிப்பான். எங்கள் ஊரில் இன்று இறக்கினது பதநீர், நேற்று இறக்கினது கள். தங்கள் சபைக்குக் கள் ஆகாது. ஆகையால் ஒவ்வொரு சிரட்டையையும் மூக்கருகே கொண்டுபோய், "இது இன்னைக்குள்ளதா, நேத்துள்ளதா?" என்று நீதிபதி மாதிரி விசாரிப்பான். ஒரே ஒரு சிரட்டையில் மட்டும் எங்கள் பக்கத்துச் சாட்சி பொய் சொல்லிவிட்டது. அன்று அவன் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தான், ஏழு மணிக்கே தூங்கிவிட்டான். இதை மிஷன் தலைவருக்குச் சொல்ல வேண்டாம்.

இருபத்து நாலாம் தேதி பாட்டுப் போட்டி. ஆறு வருடமாகப் புராட்டஸ்டண்டுகாரர்கள்தான் ஜெயித்து வருகிறார்கள், அவர்களுக்கு ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை உண்டு. எங்கள் கத்தோலிக்கப் பாடகர் குழுவில் என் உறவுக்காரர்கள் ஏழு பேர். தங்கள் மகனிடம் வெள்ளைச் சட்டை ஏழு. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். நாங்கள்தான் ஜெயித்தோம். புராட்டஸ்டண்டுகாரர்கள் எழுந்து, மார்மன் சட்டையைப் போட்டுக்கொண்டு கத்தோலிக்கன் பாடியது செல்லாது என்று வழக்கு வைத்தார்கள். பெரியவர்கள் ஒரு மணி நேரம் யோசித்து, சட்டைக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பு வந்ததும் நான் எழுந்து நின்று, ஊரறிய ஒரு அறிவிப்புச் செய்தேன். "இந்தப் பிள்ளை எனக்குப் பிள்ளை. இவன்கிட்ட இனி மீதியிருக்கிறது ஒரு ஸ்வெட்டரும் நெஞ்சில குத்தியிருக்கிற பெயர்ப்பலகையும்தான். இனிமே இவன்கிட்ட யாரும் புபுசி கேக்கக் கூடாது. கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க." எல்லோரும் ஆமோதித்தார்கள். மரேவேயா பெருமையாக என்னைப் பார்த்தாள். தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இருபத்து நாலு.

இருபத்தைந்தாம் தேதி காலை ஃபொனுவாவின் முறை. டோங்காவில் அவன் அம்மா எடுத்தார், "மகனே" என்றார், நாற்பது நிமிடமும் அழுதார், வைத்தார். தங்கள் மகன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் மனேபாவுக்கு ஓடி வந்து ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தான். மறுநாள் காலை ஒன்பது மணி அவன் முறை. எங்கள் இருபத்தாறு ஒன்பது மணிதான் தங்களுடைய இருபத்தைந்து மத்தியானம் இரண்டு. என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்த்தேன். அப்பாவுக்கு ஐந்து நிமிடம், தங்கைக்கு ஐந்து, நாய்க்கு ஒன்று என்று பிரித்து, தங்களுக்கு மட்டும் மீதி எல்லாம் என்று போட்டிருந்தான். தாளின் தலைப்பில் முதல் வரி: 'அம்மாவை உடனே சிரிக்க வைக்க வேண்டும். விட்டால் அழுதுவிடுவார்.' அதன் கீழே சிரிக்க வைக்கிற விஷயங்கள் வரிசையாக இருந்தன, நண்டு, சட்டை வழக்கு, பன்றியின் கழுத்துப்பட்டை.

மத்தியானம் அந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்தது. மனேபாவில் விருந்தாளி என்றால் எழுந்து பாடியே ஆக வேண்டும். சட்டை இல்லாததால் உச்சி வெயிலில் தாங்கள் பின்னிய மான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கீழே கைலி கட்டிக்கொண்டு, பெயர்ப்பலகையும் குத்திக்கொண்டு, உங்கள் ஊர்ப் பனியைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினான். குரல் சுமார்தான். ஆனால் கையை விரித்துக்கொண்டு எங்கள் ஆட்டத்தில் இரண்டு அடி வைத்தானே, அங்கேதான் மனேபா அவன் பக்கம் சாய்ந்தது. எங்களுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் பெண்கள் எழுந்து போய் பவுடர் பூசி, சென்ட் அடிப்பார்கள். நாற்பது பேர் போனார்கள். கழுத்து, முதுகு, கக்கம் எதையும் விடவில்லை. வியர்வையில் பவுடர் கட்டிப்போய், மான் இரண்டும் மறைந்து, ஆள் வெள்ளை வெளேரென்று நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா இதை நம்பவே மாட்டாங்க. நாளைக்கு முதல்ல இதைத்தான் சொல்லப் போறேன்" என்றான்.

அன்று சாயங்காலம் டராவாவிலிருந்து எனக்கு வானொலியில் சேதி வந்தது. தவீத்தாவின் கப்பல் கிறிஸ்துமஸ் இரவு ராட்டர்டாமில் நிற்கும், மாலுமிகள் விடுதியில் தொலைபேசி உண்டு, எண் இது, அவர்கள் நேரம் இரவு பதினொன்றுக்கு விடுதியை மூடிவிடுவார்கள், விடிந்தால் கப்பல் கிளம்பிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர்களுடைய பதினொன்று எங்களுடைய இருபத்தாறு காலை பத்து. எங்கள் தொலைபேசி அறை திறப்பது காலை ஒன்பது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்தான் என் மகன் எனக்குக் கிடைப்பான், ஒன்பது மணி முறையோ தங்கள் மகனுடையது. அவனுக்கு அடுத்த முறை பாதிரியாருடையது, பத்தே காலுக்குத்தான் அவர் விடுவார், அவரிடம் கேட்க எனக்கு உறவும் கிடையாது.

அம்மையார் அவர்களே, முந்தின நாள் ஊரறிய அறிவிப்புச் செய்தவன் நான். அதெல்லாம் ஞாபகத்தில்தான் இருந்தது. இருந்தும் போனேன். அவன் ஸ்வெட்டரைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தான்.

"மகனே, புபுசி" என்றேன்.

"என்னப்பா வேணும்? இது ஒண்ணுதான் மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே ஸ்வெட்டரை நீட்டினான்.

"அது இல்ல. உன்னோட ஒன்பது மணி."

விவரத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது. பிழிந்ததையே மறுபடி பிழிந்தான். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அது நிச்சயமில்லை.

"தவீத்தாகிட்டப் பேசி எத்தனை மாசம் ஆச்சு?" என்றான்.

"பதினாலு."

"எனக்குப் பதினொண்ணுதான். அப்ப நீங்கதான் முதல்ல." ஸ்வெட்டரைக் கொடியில் போட்டுவிட்டு, "அஞ்சு நிமிஷம் போதுமாப்பா?" என்றான்.

"அஞ்சே தாராளம்" என்றேன்.

அதை நான் மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். இந்த விஷயத்தை மரேவேயாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மரேவேயாவும் தன் தங்கையைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி அறை வாசலில் முப்பத்தொரு பேர். அறைக்குப் பொறுப்பாளன் பெனியமினா, அவனும் ஒரு வகையில் மருமகன், கதவைச் சாத்த முடியாமல் நின்றான். ராட்டர்டாமில் யாரோ எடுத்தார்கள், தவீத்தாவைத் தேடப் போனார்கள், அதிலேயே ஆறு நிமிடம் கரைந்தது. பிறகு "அப்பா?" என்று ஒரு குரல் வந்தது. போகும்போது இருந்த குரல் இல்லை, தடித்திருந்தது. ஒரு வினாடி யாரோ என்று நினைத்துவிட்டேன். "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டேன். சாப்பிட்டானாம். என்ன சாப்பிட்டாய் என்றேன். உருளைக்கிழங்கு என்றான். உருளைக்கிழங்காம் என்று நான் பின்னால் திரும்பிச் சொல்ல, வரிசையில் கடைசி ஆள் வரைக்கும் சேதி போயிற்று. போய் என்ன பயன்? அடுத்து வாங்கின மரேவேயாவும் அதையேதான் கேட்டாள், அவள் தங்கையும் அதையேதான் கேட்டாள், தங்கை புருஷனும் அதையேதான் கேட்டான். ராட்டர்டாமில் ஒரு மனிதன் தன் சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராக உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

தங்கள் மகன் சுவரோரமாக அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐந்து நிமிடத்தைப் பார்க்க அவனிடம் கடிகாரம் இல்லை. கடிகாரம் இயோவானே கையில் இருந்தது, இயோவானே வரிசையில் வெளியே நின்றான். யோக்கியன், "ஒன்பது பதினைஞ்சு", "ஒன்பது இருபது" என்று அங்கிருந்தே கத்திக்கொண்டிருந்தான். பிறகு அவன் முறையே வந்துவிட்டது, அப்புறம் நேரம் சொல்ல ஆளில்லை. ஒரு வாரமாக மேற்குக் காற்று, மேகம், பேட்டரிக்கு மின்சாரம் தருகிற கூரைச் சூரியத் தகட்டில் வெயில் படவில்லை. பெனியமினா என் காதருகே வந்து, "மாமா, பேட்டரியில ஒரு கோடுதான் இருக்கு" என்றான்.

அது என் காதில் விழுந்தது. இதைத் தங்களுக்கு எழுதாவிட்டால் இந்தக் கடிதமே வீண். நன்றாக விழுந்தது. அந்த நேரத்தில் மரேவேயா இரண்டாவது தடவையாக வாங்கிப் பேசிக்கொண்டிருந்தாள், தவீத்தா எதற்கோ சிரித்தான், அந்தச் சிரிப்பு எனக்கும் கேட்டது. நான் பெனியமினாவைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினேன், இன்னும் ஒரு நிமிடம் என்று. அந்த ஒரு நிமிடத்தில்தான் தொலைபேசியின் விளக்கு அணைந்தது.

முப்பத்தொரு பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். தங்கள் மகன் வந்து உட்கார்ந்து, தாளை மடியில் விரித்து, தங்கள் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினான். செத்த தொலைபேசி என்று அவனுக்கும் தெரியும். இருந்தும் காதில் வைத்து, "ஹலோ, அம்மா?" என்றான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு மரேவேயாவைப் பார்த்து, "பரவாயில்லம்மா. அங்கே இப்ப சமையல் நேரம், எங்க அம்மா கவனிச்சிருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். சைக்கிள் இல்லாததால் நடந்தே போனான். கால் மணி கழித்து நான் தேடிக்கொண்டு போனேன். கோயிலுக்குப் பின்னால் மழைத்தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதன் நிழலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. பிறகு தொட்டிக் குழாயிலேயே முகம் கழுவிக்கொண்டு மனேபாவுக்கு வந்து, விருந்துப் பாத்திரங்களைக் கழுவினான். இரண்டாவது பன்றியை அன்று அவனுக்காகத்தான் அடித்தேன். ஒரு துண்டு தின்றான்.

விமானத்திடலில் உள்ள வானொலியில் மிஷன் தலைவர் கேட்டபோது, "பேட்டரி போயிடுச்சு ஐயா" என்றான், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாளைக்கு விமானத்தில் புது பேட்டரி வருகிறது, சாயங்காலமே பேசலாம் என்று தலைவர் அனுமதி கொடுத்திருக்கிறார், ஒரு மணி நேரம். எங்கள் உறவுக்காரர்கள் யாரும் நாளைக்கு அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று ஏற்பாடு. மரேவேயாவே துடுப்போடு வாசலில் நிற்பாள். அதே விமானத்தில்தான் இந்தக் கடிதமும் புறப்படும், தங்களிடம் வந்து சேர மூன்று வாரம். ஆகவே இதைப் படிக்கும்போது எல்லாக் கதையையும் அவன் வாயாலேயே கேட்டிருப்பீர்கள், இதை மட்டும் தவிர. அவன் சொல்லியிருக்க மாட்டான்.

தாங்கள் கோபித்துக்கொள்ளலாம். எழுதியும் திட்டலாம், எனக்கு ஜெர்மன் கப்பல் மேஸ்திரிகளிடம் நிறையப் பழக்கம் உண்டு. ஸ்வெட்டருக்குத் தாங்கள் நினைத்த அர்த்தம் வேறு என்றால் அதையும் எழுதுங்கள். பன்றியைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியாது, மற்றபடி பேசிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, எங்கள் கணக்கில் தாங்கள் இப்போது எங்களுக்குச் சொந்தம். என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், நான் கொடுத்தாக வேண்டும். யோசித்துக் கேளுங்கள். என் படகு நல்ல படகு.

தங்கள் கணவருக்கு என் வணக்கம். மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணமாக மரேவேயா ஜெபிக்கிறாள். அவளுக்குப் பதினொன்றுதான் வயது என்று சொல்லியும் கேட்கவில்லை. நாய்க்கு அன்பு. தங்கள் வயலில் காலத்தில் மழை பெய்யட்டும், தங்கள் வீட்டில் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மகனின் வீட்டுக்காரனும், தாங்கள் சம்மதித்தால் தகப்பனும் ஆகிய,
கபுவா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுகிற நேரத்தில் அவன் வந்து நின்றான். இத்தனை நாளில் யாரிடமும் எதுவும் கேட்காத பிள்ளை, "அப்பா, புபுசி" என்றான். என்ன வேண்டும் என்றேன். "அந்தக் கடிதம்" என்றான். வேறு வழி? கொடுத்துவிட்டேன். உட்கார்ந்து ஒரு எழுத்து விடாமல் படித்தான். சிரட்டை விஷயத்தில் மூஞ்சி சிவந்தது. கடைசியில், "அனுப்ப வேணாம்ப்பா, அம்மா உங்களைத் தப்பா நினைப்பாங்க" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான் (சட்டை, இயோவானே திருப்பிக் கொடுத்தது). கடிதம் அவனுடையதாகிவிட்டது. ஆகையால் நான் அவனைப் பார்த்து, "மகனே, புபுசி" என்றேன். அவனுக்கும் வேறு வழியில்லை. கொடுத்தான். ஆனால் தொட்டிக்குப் பின்னால் அவன் அழுததாக எழுதியிருக்கும் இடத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். வேறு தாள் கைவசம் இல்லை. ஆகவே அதைத் தாங்கள் படிக்கவில்லை. அவன் அழவில்லை. அங்கே உட்கார்ந்து அழுதவன் கபுவா, தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவன்தான் தங்கள் மகன். இப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இதிலும் பொய் ஒன்றும் இல்லை, அன்றைக்கு இரண்டு பேரும் வெகுநேரம் அங்கேதான் இருந்தோம்.